சித்தப்பாவை யார் அறுப்பது?

எருக்கம்பாறைக்காரர்களை யாரும் முட்டாள்கள் என்று சொல்வதில்லை. சொன்னால் அவர்கள் கோபப்பட மாட்டார்கள். என்ன அர்த்தத்தில் சொன்னீர்கள் என்று கேட்டு, உங்களையும் உட்கார வைத்து, பொழுது சாயும்வரை பேசித் தீர்ப்பார்கள். நமக்கு வேறு வேலை இருக்கிறது அல்லவா? அதனால் நானும் சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்த ஊரில் தவசி, கோட்டைச்சாமி, சின்னாண்டி என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூவருக்கும் ஒரே தங்கை, வள்ளிமயில். அந்த வீட்டில் புத்தி என்று ஏதாவது இருந்திருந்தால் அது அவளிடம்தான் இருந்தது. அதையும் ராஜாங்கம் என்ற மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து நெடுங்கரடு என்கிற ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் மிச்சம் இருந்தவை மூன்று சேவல்கள். குஞ்சாக வாங்கும்போது மூன்றும் பெட்டை என்று நம்பி வாங்கியவை. கொண்டை முளைத்து, வால் வளைந்து, கூரைமேல் ஏறிக் கூவின பிறகும் அண்ணன் தம்பிகள் மனம் தளரவில்லை. "சில பெட்டைங்க லேட்டாத்தான்டா முட்டை விடும்" என்று மூத்தவன் தவசி சொல்லிவிட்டான். தினமும் காலையில் ஒவ்வொன்றின் வயிற்றுக்கடியிலும் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். முட்டை கிடைக்கவில்லை. ஆனால் தடவித் தடவிப் பாசம் வந்துவிட்டது.

பாசம் வந்தால் பேர் வராமல் இருக்குமா? நெஞ்சை நிமிர்த்தி நடந்த சேவலுக்குத் தாசில்தார் என்று பேர். எந்நேரமும் பக்கத்து வீட்டுப் பெட்டைகளின் பின்னால் திரிந்தது மைனர். மூன்றாவது, கூவுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்ளும். காலமாகிவிட்ட அவர்களுடைய சித்தப்பா பேச ஆரம்பிக்குமுன் அப்படித்தான் செருமுவாராம். அதனால் அந்தச் சேவலுக்குச் சித்தப்பா என்றே பேர் வைத்து, வாங்க போங்க என்று மரியாதையாகவே பேசிவந்தார்கள்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது வள்ளிமயில் போன் செய்தாள்.

"அண்ணே, வர்ற ஞாயித்துக்கிழமை மறுவீட்டு விருந்துக்கு வர்றோம். அத்தையும் கூட வர்றாங்க. இந்த ஊரு வழக்கம் ஒண்ணு இருக்குண்ணே. வீட்டுல வளந்ததா இருக்கணும், மச்சினன் கையால அறுத்ததா இருக்கணும். அதுதான் மாப்பிள்ளை இலையில விழணும். கடையில வாங்குனதுன்னு தெரிஞ்சா அத்தை இலையை மூடிட்டு எந்திரிச்சிருவாங்க. அப்புறம் என்னையப் பொறந்த வீட்டுப் பக்கமே அனுப்ப மாட்டாங்க. நல்ல நாள் பொல்ல நாளுக்குக்கூட உங்க மூஞ்சியப் பாக்க முடியாதுண்ணே."

சொல்லிவிட்டு அழுதாள். இந்தப் பக்கம் மூன்று பேரும் அழுதார்கள். தாயில்லாத பிள்ளையை மாற்றி மாற்றித் தோளில் தூக்கி வளர்த்தவர்கள் அவர்கள். அவள் வராத வீடு அவர்களுக்கு வீடாகவே இருக்காது.

"மூணுல ஒண்ணை அறுத்துர வேண்டியதுதான்" என்று தவசி கண்ணைத் துடைத்துக்கொண்டான். முறையில் மூத்தது சித்தப்பாதான் என்று முடிவானது. கோட்டைச்சாமி அரிவாள்மனையைச் சாணைபிடித்துக் கொண்டுவந்தான். சின்னாண்டி சேவலைப் பிடித்தான். சேவல் தொண்டையைச் செருமியது.

"இருங்கடா, சித்தப்பா ஏதோ சொல்ல வர்றாரு" என்றான் தவசி.

மூவரும் கைகட்டி நின்றார்கள். சேவல் ஒரு கூவு கூவிவிட்டு அடங்கியது.

"என்ன சொல்றாரு?"

"வேண்டாங்கிறாரு."

"பெரியவங்க வேண்டாங்கிறதை எப்பிடிச் செய்யிறது?" என்று அரிவாள்மனையை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு மூவரும் கறிக்கடை சிக்கந்தர் பாயிடம் யோசனை கேட்கப் போனார்கள்.

பாய் கையில் கத்தியோடு கேட்டார். "பேர் வச்சீங்களா?"

"வச்சோம் பாய்."

"போச்சு போங்க. பேர் வச்ச உயிரை அறுக்க முடியாதுப்பா. என் வீட்டுலயே ஒரு ஆட்டைத் தெரியாத்தனமா ராணின்னு கூப்பிட்டுட்டோம். பல்லெல்லாம் போயி இன்னும் நிக்கிது. மொதல்ல அந்தப் பேரை எடுங்க."

வீட்டுக்கு வந்து பேரை எடுக்க உட்கார்ந்தார்கள். எப்படி எடுப்பது என்பதில் கொஞ்சம் குழப்பம் இருந்தது.

"வைக்கும்போது எந்த வழியா வச்சோம்?" என்று தவசி கேட்டான்.

"காதுல சொல்லித்தான வச்சோம்."

"அப்ப காது வழியாத்தான் வெளிய வரணும்."

சேவலின் காதைத் தேடிக் கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. பிறகு கோட்டைச்சாமி ஒரு காதில் ஊதினான். மறு காதின் அருகே தவசி கையைக் குவித்து வைத்திருந்து, டப்பென்று மூடிக்கொண்டான். சித்தப்பா என்ற பேர் கைக்குள் வந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று மற்ற இரண்டு சேவல்களின் பேரையும் அதே மாதிரி எடுத்தார்கள். ஆளுக்கொரு பேரை இறுக மூடிய கையில் பிடித்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தார்கள்.

சாப்பாட்டு நேரம் வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

"கையை விரிச்சா என்னண்ணே ஆகும்?" என்றான் சின்னாண்டி. அவனுக்குப் பசி தாங்காது.

"பேரு காத்தோட போயிரும். நாளைக்குச் சித்தப்பா வந்து என் பேரு எங்கடான்னு கேட்டா என்ன சொல்லுவ?"

மூன்று பேரும் பட்டினியாகத் தூங்கியிருப்பார்கள். நல்லவேளையாகக் கோட்டைச்சாமி கொல்லைப்பக்கம் பார்த்தான். அங்கே மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் மூன்று பூசணிக்காய்கள் கிடந்தன. ஏணி வைத்து ஏறி, காம்போரமாகக் கையை வைத்து, ஒவ்வொரு காய்க்கும் ஒரு பேரை ஓதி இறக்கினார்கள். பெரிய காய்க்குச் சித்தப்பா என்று பேர் வந்தது. பிறகு கை கழுவிவிட்டு வயிறாரச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் தவசி பூசணிக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "சித்தப்பா, குடிங்க" என்றான். எங்கிருந்தோ சேவல் ஓடிவந்து அவன் காலடியில் நின்றது.

"யாருடா இது? சித்தப்பாவைத் தேடி வந்திருக்கு போல" என்று தவசி அதையும் கூரைமேல் ஏற்றிவிட்டான்.

பேர் போய்விட்டது, ஆனால் முகம் அப்படியே இருந்தது. அரிவாள்மனைக்கு முன்னால் கொண்டுவந்ததும் அது தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. சின்னாண்டி கேவிக் கேவி அழ ஆரம்பித்தான். மறுபடியும் பாயிடம் போனார்கள். கடையில் ஒரே கூட்டம். பாய் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"உங்க கோழின்னு நெனைக்காதீங்கப்பா. எவனோ ஒருத்தன் கோழின்னு நெனச்சுக்குங்க. மனசு கல்லாயிரும்."

அண்ணன் தம்பிகள் வீட்டுக்கு வந்து, சேவலை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து, எவனோ ஒருத்தன் கோழி என்று நினைத்தார்கள். எருக்கம்பாறையில் ஒரு காரியத்தில் இறங்கினால் அரைகுறையாக விடமாட்டார்கள். சாயங்காலத்துக்குள் மூவருக்கும் அது சுத்தமாக வேற்றுக் கோழியாகத் தெரிந்தது.

"அண்ணே" என்றான் கோட்டைச்சாமி. "எவனோ ஒருத்தன் கோழி நம்ம வீட்டுல எப்பிடி வந்துச்சு?"

"நானும் அதைத்தான் பாக்குறேன்."

"பக்கத்துல அரிவாள்மனை வேற இருக்கு. யாராவது பாத்தா நம்மளக் கோழி திருடன்னு சொல்ல மாட்டாங்களா?"

 நம் பரம்பரையில் இப்படி ஒரு கெட்ட பேர் வந்ததில்லை என்று சேவலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். "இது உங்க கோழியா?" என்று கேட்டார்கள். அந்த ஊரில் எல்லோரும் நாணயமானவர்கள். அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்பட மாட்டார்கள். ஒருவர் மட்டும், "உங்க வீட்டுச் சேவல் சாயல்ல இருக்கு, ஆனா இது கொஞ்சம் மெலிவு" என்றார். சுற்றிச் சுற்றிக் கால் ஓய்ந்து திரும்பினார்கள். வாசலில் இறக்கிவிட்டதும் சேவல் நேராக உள்ளே போய்த் தீனிச் சட்டிக்கு முன்னால் நின்றது.

தவசிக்கு மனம் இளகிவிட்டது. "பாவம்டா. நம்மள நம்பி வந்திருக்கு. வீடு தேடி வந்ததை விருந்தாளியாத்தான் நடத்தணும்."

சேவலுக்குப் பாய் விரித்தார்கள். சின்னாண்டி பனையோலை விசிறியால் வீசினான். விருந்தாளியை அறுக்கலாமா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்கள் என்ன அறிவில்லாதவர்களா?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வள்ளிமயில் மாப்பிள்ளையோடு வந்து இறங்கினாள். பின்னாலேயே மாப்பிள்ளையின் அம்மா. ஓங்கு தாங்கான உடம்பு, இடுப்பைத் தாண்டிய கூந்தல், ஒரு பார்வை பார்த்தால் பால்கூடப் பொங்க யோசிக்கும். நெடுங்கரட்டில் பெரியவர்கள் அவரை ராஜாங்கத்து அம்மா என்பார்கள், சின்னவர்கள் அத்தை என்பார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேச அங்கே யாருக்கும் துணிச்சல் கிடையாது.

வள்ளிமயில் சமையற்கட்டுக்குள் போனாள். மசாலா அரைத்துத் தயாராக இருந்தது. அடுப்பு எரிந்தது. சட்டி மட்டும் காலி. அடுத்த அறையில் பாய்மேல் சேவல் கண்ணை மூடிக் கிடக்க, சின்னாண்டி விசிறிக்கொண்டிருந்தான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, என் வாழ்க்கையில வெளையாடுறீங்களா? அத்தை இலை போடச் சொல்லிட்டாங்க!"

"பாவம் வந்துரும்னு பயமா இருக்கு தாயி" என்றான் தவசி. உண்மையிலேயே அவன் கண் கலங்கியிருந்தது.

வள்ளிமயிலுக்கும் கோபம் இறங்கிவிட்டது. மெதுவாகச் சொன்னாள். "கோயில்ல கெடா வெட்டுறப்ப என்ன பண்ணுவாங்க? மேல தண்ணியத் தெளிச்சிட்டு நிப்பாங்கல்ல? அது உடம்பை உதறுச்சுன்னா சம்மதம் குடுத்துருச்சுன்னு அர்த்தம். அதே மாதிரி கேளுங்க. உதறுனதும் அறுத்துருங்க, பாவம் ஒண்ணும் கெடையாது. சீக்கிரம்!"

இது மூவருக்கும் மிகவும் பிடித்துப்போனது. இத்தனை நாளாக நாம் மட்டும் பேசிக்கொண்டிருந்தோமே, சம்பந்தப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று வெட்கப்பட்டார்கள். சேவலைக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் துவைக்கிற கல்லின்மேல் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். சேவல் உதறவில்லை. வெயிலுக்கு இதமாக இருந்ததோ என்னவோ, கண்ணைச் சொருகிக்கொண்டு நின்றது. ஒரு சொம்பு ஊற்றினார்கள். அலகில் வழிந்ததைக் குடித்துக்கொண்டது.

"யோசிக்கிறாருடா" என்றான் தவசி. "அவசரப்படுத்தாதீங்க."

"இன்னும் கொஞ்சம் பலமாக் கேப்பமா?" என்று கோட்டைச்சாமி கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து, கையை ஓங்கி வீசினான்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை ராஜாங்கம் கை கழுவுவதற்குக் கொல்லைக்கு வந்தார். சேவல் குனிந்துகொண்டது. வாளித் தண்ணீர் முழுவதும் மாப்பிள்ளை தலையில் விழுந்தது. பாறைக்கிணற்றுத் தண்ணீர், ஐஸ் மாதிரி இருக்கும். மாப்பிள்ளை உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை உடம்பை ஒரு உதறு உதறினார்.

 மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை உதறிட்டாரு" என்றான் சின்னாண்டி.

"நானும் பாத்தேன். அரைகுறையா இல்ல, முழு உதறு" என்றான் கோட்டைச்சாமி.

தவசி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டான். "மாப்பிள்ளை, நல்லா யோசிச்சுத்தான் சம்மதம் குடுத்தீங்களா?"

"எதுக்கு மச்சான்?" என்றார் மாப்பிள்ளை, பல் தந்தியடிக்க.

"அறுக்கிறதுக்கு."

மாப்பிள்ளை அலறிய அலறலில் அத்தை ஓடிவந்தார். அரிவாள்மனையையும் மகனையும் மூன்று மச்சினன்களின் வருத்தமான முகத்தையும் பார்த்தார். விஷயம் புரிந்ததும் மகனைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"எங்களுக்கு மட்டும் ஆசையா அத்தை?" என்றான் தவசி. "சம்மதம் குடுத்தவரை விட்டா சாமி குத்தம் ஆயிருமேன்னு பாக்குறோம். அதோட வழக்கமும் உங்க ஊரு வழக்கம்."

"டேய், ஒரே புள்ளைடா! ராஜாங்கம்னு குலசாமி கோயில்ல வச்சுப் பேர் வச்சு வளத்த புள்ளைடா!"

சின்னாண்டி துள்ளிக் குதித்தான். "அண்ணே, பேர் வச்சிருக்காங்களாம்!"

மூவர் முகமும் மலர்ந்தது. பேர் வச்ச உயிரை அறுக்க முடியாது. பாயே சொல்லியிருக்கிறார். தவசி அரிவாள்மனையைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை மாப்பிள்ளை, தப்பிச்சீங்க" என்றான்.

கோட்டைச்சாமி மட்டும் சந்தேகம் தீராமல், "காதுல ஊதிப் பேரை எடுத்துட்டோம்னா?" என்றான்.

"எடுத்து எங்கடா வைக்கிறது? பூசணிக்காய் மூணும் ரொம்பிருச்சே" என்று தவசி அதட்டினான்.

 "எனக்குக் கோழியும் வேணாம் ஒண்ணும் வேணாம்ப்பா. இந்த வீட்டுல வளந்த ஏதோ ஒரு காயை அறுத்துக் கொழம்பு வைங்க. தின்னுட்டு உசுரோட ஊர் போய்ச் சேர்றோம்" என்று அத்தை கும்பிட்டார்.

காய் என்றால் பூசணிக்காய்தான். பெரியதாக ஒன்றை இறக்கினார்கள். ஆனால் அதற்குச் சித்தப்பா என்று பேர் இருக்கிறதே! தவசி காம்பின் ஒரு பக்கம் ஊதச் சொல்லி, மறுபக்கம் பேரைப் பிடித்து, இந்தத் தடவை புத்தியாகத் துண்டின் முனையில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டான். பிறகு முறைப்படி பூசணிக்காயின்மேல் தண்ணீர் தெளித்து, அது உதறுவதற்காகக் காத்திருந்தார்கள்.

வெயில் உச்சிக்கு ஏறியது. மாப்பிள்ளையின் சட்டை காய்ந்துவிட்டது. பூசணிக்காய் அசையவில்லை.

"என்னடா பண்றீங்க?" என்று அத்தை எட்டிப் பார்த்தார்.

"சம்மதம் கேட்டிருக்கோம் அத்தை. இன்னும் பதில் வரல."

பசியோடு இருப்பவரிடம் சொல்லக்கூடிய பதிலா இது? அத்தை விறுவிறுவென்று வந்து காலால் ஒரு எத்து எத்தினார். பூசணிக்காய் ஆடி, குலுங்கி, தண்ணீர் தெறிக்கத் துவைக்கிற கல்வரை உருண்டது.

"உதறிடுச்சு!" என்று மூவரும் சேர்ந்து கத்தினார்கள். மூன்று பேரும் ஒரே அரிவாள்மனையில் கைவைத்து அறுத்தார்கள். சின்னாண்டி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கோழிக்கு அரைத்த மசாலாவில் பூசணிக்காய் கொதித்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தை இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். இலையை மூடும்போது மருமகளைப் பார்த்துச் சொன்னார். "வீட்டுல வளந்தது, மச்சினன் கையால அறுத்தது. வழக்கத்துக்கு ஒரு கொறையும் இல்ல. நீ எப்ப வேணும்னாலும் பொறந்த வீட்டுக்கு வந்துட்டுப் போ தாயி. என் மகனை மட்டும் தனியா அனுப்ப மாட்டேன்."

வள்ளிமயில் அண்ணன்களைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று பேருக்கும் அதைவிட வேறென்ன வேண்டும்? அன்று ராத்திரி எல்லோரும் அங்கேயே தங்கினார்கள். கதையும் இதோடு முடிந்திருக்க வேண்டியது.

மறுநாள் காலையில் அத்தை தலைக்குக் குளித்துவிட்டுக் கொல்லையில் வந்து நின்றார். இடுப்புக்குக் கீழே தொங்கிய ஈரக் கூந்தலை முன்னால் போட்டு, குனிந்து, நிமிர்ந்து, படார் படாரென்று உதறினார்.

சேவலுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த மூவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"அண்ணே" என்றான் சின்னாண்டி, அழுகிற குரலில். "அத்தையும் சம்மதம் குடுத்துட்டாங்க."

"பயப்படாதடா. அத்தைக்குப் பேரு இருக்குமில்ல?"

"என்ன பேரு?"

தவசி யோசித்தான். கோட்டைச்சாமி யோசித்தான். ஓடிப்போய் வள்ளிமயிலைக் கேட்டார்கள். "அத்தையை அத்தைன்னுதான கூப்பிடுறேன், பேரு நான் என்னத்தைக் கண்டேன்?" என்றாள் அவள். மாப்பிள்ளையை எழுப்பிக் கேட்டார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அம்மான்னுதான் கூப்பிடுவேன் மச்சான்" என்றார்.

கொல்லையில் அத்தை இன்னும் உதறிக்கொண்டிருந்தார். கோட்டைச்சாமி முகத்தை மூடிக்கொண்டு அரிவாள்மனை இருக்கும் பக்கம் தள்ளாடி நடந்தான். அப்போதுதான் தவசிக்குத் தோளில் கிடந்த துண்டு ஞாபகம் வந்தது. முடிச்சை அவிழ்த்துக்கொண்டே ஓடினான். என்ன ஏது என்று அத்தை திரும்புவதற்குள் அவர் காதோரம் கையைக் குவித்து, அந்தப் பேரை உள்ளே ஓதி இறக்கிவிட்டான்.

அத்தை பிழைத்துக்கொண்டார். எதிலிருந்து பிழைத்தோம் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. மகனின் மச்சினன்கள் மூன்று பேரும் தன்னை ஏன் சித்தப்பா என்று கூப்பிடுகிறார்கள் என்பதும் தெரியாது. நல்ல நாள் வந்தால் தவறாமல் எருக்கம்பாறைக்கு வருகிறார். தலைவாழை இலை போட்டுவிட்டுத் தவசி வாசலில் நின்று, "சித்தப்பா, சாப்பிட வாங்க!" என்று மரியாதையாக அழைக்கிறான். கூப்பிட்டது நம்மைத்தானா என்று அத்தை யோசித்துக்கொண்டு நிற்பதற்குள், சேவல் தொண்டையைச் செருமிக்கொண்டு போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறது.